ஒரு சிறு கட்டமும் அதில் இடும் குறியும்

மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பின்புறத் தெருவொன்றில், திண்டுக்கல்லுக்கும் தேனிக்கும் ஆள் கூப்பிடும் நடத்துநர்களின் குரல் மாடி ஜன்னல் வழியே ஓயாமல் ஏறிவரும் என் அக்காள் வீட்டில், சென்ற அரையாண்டு விடுமுறையின் ஒரு மாலைப் பொழுதில், ஏழாம் வகுப்பில் படிக்கும் அவளுடைய மகன் மடிக்கணினியின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்து பேய் விளையாட்டு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தான். யார் வேண்டுமானாலும் தாம் செய்த விளையாட்டை ஏற்றி வைக்கவும், யார் வேண்டுமானாலும் அதை இறக்கி ஆடவும் இடம் தருகின்ற தளங்கள் பல உண்டல்லவா, அவற்றில் ஒன்றில்தான் தேடினான். பெயர் இங்கே அவசியமில்லை. பெரியவர்களுக்கு உரியவற்றைத் தேடலில் காட்டாதிருக்கும் வடிகட்டி இயங்கிக்கொண்டுதான் இருந்தது. அதை முந்தின வாரம் நானே சரிபார்த்திருந்தேன். ஆயினும் திரையில் விரிந்த படங்களின் மூன்றாவது வரிசையில், ஓர் இருண்ட பங்களாவுக்கும் ஒரு பாழுங்கிணற்றுக்கும் நடுவில், பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கண்ணில் படக்கூடாத சித்திரம் ஒன்று இருந்தது. பையன் சட்டென்று திரையை மேலே தள்ளிவிட்டு, குற்றம் செய்தவன் தானே என்பதுபோல என் முகத்தைப் பார்த்தான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே சற்று நேரம் கழித்து, பள்ளித் தோழன் அனுப்பிய சுட்டி ஒன்றைத் திறந்து காட்டினான். அதே தளத்தைச் சேர்ந்த பக்கந்தான். ஆனால் படம் எதுவும் இல்லாமல், இது வயது வந்தவர்களுக்கு உரியது என்று ஆக்கியவர் குறித்திருப்பதாக ஓர் எச்சரிக்கையும், அதன் கீழ் இரண்டு பொத்தான்களும் மட்டும் இருந்தன.

“மாமா, பதினெட்டு ஆயிருச்சான்னு கேக்குது. ஆமான்னு அமுக்குனா உள்ள விட்டுரும்.”

“நீ அமுக்குனியா?”

“இல்ல மாமா. இதுல முதல்லயே சொல்லிட்டாங்கள்ல. அந்தப் படத்துலதான் யாரும் சொல்லவே இல்ல.”

பிள்ளை சொன்ன அந்த வேறுபாட்டிலேயே விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறதென்பது என் அபிப்பிராயம். வடிகட்டி என்று நாம் பெயரிட்டிருக்கும் இந்த ஏற்பாட்டுக்குத் தனியாகக் கண் கிடையாது. விளையாட்டை ஏற்றி வைப்பவர் நிரப்பும் படிவத்தில் ஒரு சிறு கட்டம் இருக்கிறது. தம் படைப்பு வயது வந்தவர்களுக்கு மட்டுமே உரியதென்றால் அவர் அதில் குறியிட வேண்டும். அந்தக் குறியை நம்பித்தான் தேடுபொறி அந்தப் பக்கத்தை மறைக்கிறது. அந்தக் குறியை நம்பித்தான் வாசலில் எச்சரிக்கை எழுகிறது. குறியிடாதவருடைய பக்கம், அதில் எத்தகைய சித்திரம் இருந்தாலும், யாராவது பார்த்துப் புகார் செய்து நிர்வாகம் நடவடிக்கை எடுக்கும் வரையில், குழந்தைகளுக்கான ரயில் விளையாட்டுக்கும் குதிரை விளையாட்டுக்கும் பக்கத்திலேயே தாராளமாக உட்கார்ந்திருக்கும்.

2013-ல் லீஃப் கோர்கரன் என்ற அமெரிக்க இளைஞர் தொடங்கிய ‘இட்ச்’ என்ற தளம் இந்த முறைக்கு நல்ல உதாரணம். மாணவர்களும் தனி ஆட்களும் தம் முதல் முயற்சிகளைத் தயக்கமின்றிக் கொண்டுபோய் வைக்கும் இடம் அது. விற்பனையில் தளத்துக்கு எவ்வளவு பங்கு என்பதையும் படைப்பாளியே தீர்மானிக்கலாம், ஒன்றுமே தராமலும் இருக்கலாம். வயது வந்தோருக்கு உரியவை தேடலில் தோன்ற வேண்டுமென்று உபயோகிப்பவர் தம் கணக்கின் அமைப்புகளில் தாமாகக் குறியிட்டாலன்றி அவை தோன்றுவதில்லை. ஆக, ஒரு பக்கம் ஆக்கியவர் இடும் குறி, மறுபக்கம் ஆடுபவர் இடும் குறி. இரண்டும் மனமொத்துச் சந்திக்கும் இடத்தில்தான் கதவு திறக்கிறது. ‘ஸ்டீம்’ என்ற பெருஞ்சந்தையும் 2018 செப்டம்பரில் இதே வழிக்கு வந்தது: வன்முறையோ நிர்வாணமோ இருந்தால் அது எத்தகையது என்பதைத் தயாரித்தவர் தம் வாக்கியத்திலேயே எழுதித் தர வேண்டும், அந்த வாக்கியம் விற்பனைப் பக்கத்தில் அப்படியே தெரியும். நம் கைப்பேசிகளில் உள்ள ப்ளே ஸ்டோரில் ஒவ்வொரு விளையாட்டின் பக்கத்திலும் 3+, 7+, 12+ என்று காணும் வயது எண்ணும், தயாரித்தவர் ஒரு வினாத்தாளுக்கு அளித்த விடைகளிலிருந்து பிறப்பதே.

சினிமாவில் வளர்ந்த மதுரைக்காரர்களுக்கு இது சற்று விநோதமாகத் தோன்றும். 1951-ல் ஜுபிடர் பிக்சர்ஸ் தயாரிப்பில் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த ‘மர்மயோகி’தான் தமிழில் முதன்முதலாக ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ என்ற முத்திரை பெற்ற படம் என்பார்கள். அதற்குக் காரணம் சிருங்காரம் அன்று, படத்தில் வந்த பேய்! அந்த முத்திரையை இட்டது தயாரிப்பாளர் அல்லர்; படத்தை முழுவதும் உட்கார்ந்து பார்த்த தணிக்கைக் குழு. சுவரொட்டியின் மூலையில் அந்த ‘ஏ’ எழுத்தைக் கண்டால் எங்கள் தெருப் பிள்ளைகள் நடைபாதையை மாற்றிக்கொண்டு போன காலமும் உண்டு, அதற்காகவே திரும்பி நின்று பார்த்த காலமும் உண்டு. எவ்வாறாயினும் எழுத்துப் பொய் சொல்லாது என்ற நிச்சயம் எல்லாருக்கும் இருந்தது. பிறகு 1983-ல் பெற்றோர் துணையோடு பார்க்கத்தக்கதென்ற ‘யு/ஏ’ வந்தது. 2023-ன் திருத்தச் சட்டம் அதையும் 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்தது. இணையம் வழியே வீட்டுக்குள் வரும் படங்களுக்கும் தொடர்களுக்கும் 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகள் இதே விதமான வகைப்பாட்டையும், 13 வயதுக்கு மேற்பட்டோருக்கான படைப்புகளிலிருந்து பெற்றோர் பூட்டு வைக்கும் வசதியையும், ‘ஏ’ வகைக்கு நம்பத்தக்க வயதுச் சரிபார்ப்பையும் கட்டாயமாக்கின. விளையாட்டுகளுக்கு இத்தகைய கட்டாய முத்திரை நம் தேசத்தில் இன்றளவும் நடைமுறையில் இல்லை. அமெரிக்காவில் 1993-ல் செனட் சபை விசாரணை நடத்தியதன் விளைவாக மறு ஆண்டே விளையாட்டுத் தொழிலார் தமக்கென ஒரு தரநிர்ணயக் குழுவை அமைத்துக்கொண்டார்கள். ஐரோப்பாவில் 2003-ல் அமைந்தது. ஆனால் அவையெல்லாம் கடையில் பெட்டியாக விற்ற விளையாட்டுகளை மனத்தில் வைத்துச் செய்தவை. கல்லூரி விடுதியில் இரவு இரண்டு மணிக்கு முடித்து இரண்டரை மணிக்கு ஏற்றிவிடும் விளையாட்டை எந்தக் குழு உட்கார்ந்து பார்க்கும்?

நம் ஊரில் பிரவுசிங் சென்டர்கள் மலிந்திருந்த நாட்களில் காவல் வேறு விதமாக இருந்தது. 2011-ல் மத்திய அரசு இணைய மையங்களுக்கென வகுத்த விதிகளைப் படித்துப் பார்த்தால், அவற்றில் தச்சு வேலைக்காரரின் அளவுகோல் தெரியும்: தடுப்புப் பலகை தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் உயரக்கூடாது, தடுப்பில்லாத இடங்களில் திரைகள் எல்லாரும் நடமாடும் பக்கம் நோக்கியே இருக்க வேண்டும், சிறுவர்கள் பெற்றோரோ பாதுகாவலரோ உடனிராமல் தடுப்புக்குள் உட்காரக் கூடாது, ஆபாசத் தளங்களைத் தடுக்கும் வடிகட்டி மென்பொருள் பொருத்திக்கொள்ளலாம். கடைக்காரர் அண்ணன் எழுந்து நின்றால் எல்லாத் திரைகளும் அவர் கண்ணில் படும். இன்று திரை உள்ளங்கையில் இருக்கிறது. அதன் முகம் பிள்ளையின் முகத்தை நோக்கியே இருக்கிறது. அதனால்தான் அந்தச் சிறு கட்டத்தில் இடும் குறிக்கு இவ்வளவு மதிப்பு ஏற்பட்டுவிட்டது.

இந்தக் குறிக்கு 2025 ஜூலையில் நேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. பெண்களைப் பலவந்தப்படுத்துவதையே ஆட்டமாக வைத்த ‘நோ மெர்சி’ என்ற விளையாட்டு ஒன்று ஸ்டீமிலும் இட்ச்சிலும் தலைகாட்டி, அவ்வாண்டு ஏப்ரலிலேயே அகற்றப்பட்டது. அகற்றப்பட்டது நியாயமே, அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அதன்பின் ‘கலெக்டிவ் ஷௌட்’ என்ற ஆஸ்திரேலிய அமைப்பு, இத்தகைய சரக்குக்குப் பணம் செல்லும் வாய்க்காலை அடைக்க வேண்டுமென்று கோரி, கடன் அட்டை நிறுவனங்களுக்கும் பணப் பரிமாற்ற நிறுவனங்களுக்கும் பகிரங்கக் கடிதம் எழுதியது. பணம் கொண்டுவரும் நிறுவனங்களின் நிர்ப்பந்தம் இறுகவே, ஸ்டீம் தன் விதிகளைத் திருத்திச் சிலவற்றை நீக்கியது. இட்ச் அதனினும் கடுமையான காரியம் செய்தது: முன்னறிவிப்பு ஏதுமின்றி, வயது வந்தோருக்கு உரியவை அனைத்தையும் தேடலிலிருந்தும் காட்சிப் பட்டியல்களிலிருந்தும் ஒரே வீச்சில் மறைத்துவிட்டு, ஜூலை 24 அன்று விளக்கம் வெளியிட்டது. மறைந்தவை 20,000-க்கும் மேற்பட்டவை என்று பத்திரிகைகள் எழுதின. பணம் செலுத்தும் நிறுவனங்களோடு உள்ள உறவு அறுந்தால் தளத்திலுள்ள எல்லாப் படைப்பாளிகளுக்கும் வருமானம் நின்றுபோகும் என்பது கோர்கரன் சொன்ன காரணம். இலவசமானவை மட்டும் அம்மாத இறுதியில் மீண்டும் தேடலுக்குத் திரும்பின.

அந்த வலையில் முதலில் அகப்பட்டவர்கள் யார் என்று சிந்தித்துப் பார்க்க வேண்டும். பயங்கரத்தையோ, உடலின் வேதனையையோ, தாம்பத்தியத்தின் கொடுமைகளையோ முதிர்ந்த வாசகருக்கென்று ஆக்கிவிட்டு, இது குழந்தைகளுக்கன்று என்ற மனச்சான்றோடு கட்டத்தில் குறியிட்டவர்கள் அகப்பட்டார்கள். குறியிடாமல் ஏற்றியவன் குறியைத் தேடி வந்தவர்கள் கண்ணில் படாமல் தப்பினான். வாசலில் பலகை தொங்கவிட்ட வீடுகளை மட்டும் இடித்துவிட்டுப் போனால், அடுத்த மாதம் எந்த வீட்டில் பலகை தொங்கும்? பிள்ளையைக் காப்பது அந்தப் பலகைதான் என்றால், இடித்தவர்கள் பிள்ளைக்குச் செய்தது என்ன? ஆபாசத்துக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. உண்மையாக எழுதிவைத்த எச்சரிக்கையைத் தண்டனைக்கு அடையாளமாக்கினால் எச்சரிக்கை எழுதும் பழக்கமே செத்துவிடும் என்ற பயத்தினால் இதைச் சொல்கிறேன். குற்றமான படைப்பு வேறு, முதிர்ந்த படைப்பு வேறு. முன்னதற்குச் சட்டம் இருக்கிறது, பின்னதற்குத் திரைச்சீலை போதும்.

எங்கள் ஊர் உயர் நீதிமன்றக் கிளை இந்த வகை வழக்குகளுக்குப் புதியதன்று. 2017-ல் நீலத் திமிங்கல விளையாட்டின் பீதி மதுரைக் கல்லூரி மாணவர் ஒருவரின் மரணத்தோடு நம் வீட்டு வாசலுக்கே வந்தபோது, தானாக முன்வந்து விசாரித்தது இந்தக் கிளை. 2019 ஏப்ரலில் டிக்டாக் செயலியைத் தடுக்கச் சொல்லி, அந்த மாதத்திலேயே நிபந்தனையோடு தடையை விலக்கியதும் அதுவே. 2025 டிசம்பரில், இணைய சேவை நிறுவனங்கள் பெற்றோர் கட்டுப்பாட்டு வசதியைத் தர வேண்டுமென்று 2018 முதல் நிலுவையில் இருந்த பொதுநல மனுவில், நீதிபதிகள் ஜி. ஜெயச்சந்திரன், கே.கே. ராமகிருஷ்ணன் அமர்வு, ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டோரைச் சமூக ஊடகங்களிலிருந்து விலக்கக் கொண்டுவந்ததுபோன்ற சட்டத்தை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்றும், அதுவரை விழிப்புணர்வுப் பணியைத் தீவிரப்படுத்த வேண்டும் என்றும் கூறியது. ஒரு பிள்ளை எதைக் காண்கிறது என்பதில் பெற்றோருக்குள்ள பொறுப்பையும் அது வற்புறுத்தியது. மாநில அரசோ பணம் வைத்தாடும் ஆட்டங்களில் தீவிர கவனம் செலுத்திற்று. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை உள்நுழையக் கூடாதென்றும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடுவோருக்கு அரை மணிக்கொருமுறை எச்சரிக்கை தோன்ற வேண்டுமென்றும் 2025 பிப்ரவரியில் விதி செய்தது. பணம் பறிபோகும் ஆபத்துக்கு இவ்வளவு நுணுக்கமாக எச்சரிக்கை எழுதத் தெரிந்த நமக்கு, ஓர் இலவச விளையாட்டின் முகப்புப் படம் பிள்ளையின் மனத்தில் என்ன செய்யும் என்பதற்கும் ஒரு விதி எழுதத் தெரியாதா?

எழுதுவதானால் இப்படி எழுதலாம் என்று தோன்றுகிறது. கட்டத்தில் குறியிட்டவருக்குத் தண்டனை இல்லை. குறியிடாமல் ஏமாற்றியவருக்கு உண்டு. தேடலில் தெரியும் முகப்புப் படத்துக்குத் தனிப் பொறுப்பு உண்டு; ஏனெனில் பிள்ளையின் கண்ணில் முதலில் படுவது அதுதான். ஒரே கட்டம் போதாது. ரத்தமா, பேயா, நிர்வாணமா, தற்கொலையா என்று பிரித்துச் சொல்ல இடம் வேண்டும், ஏனென்றால் பேய்க்குப் பயப்படாத பிள்ளை வேறொன்றுக்கு உறக்கம் கெட்டுப் போகலாம். வீட்டில் நாம் செய்யக்கூடியதோ சொற்பமே: பிள்ளைக்குத் தனிக் கணக்கு, அதில் சரியான பிறந்த தேதி, கூகுளின் பாதுகாப்புத் தேடல், பெற்றோர் கண்காணிப்புச் செயலி. இவ்வளவையும் செய்த பிறகும் மூன்றாவது வரிசையில் அந்தப் படம் வந்தது. வந்தபோது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்ததும், அவர் கத்தாமல் இருந்ததும் அன்று உதவின.

அந்த மடிக்கணினி உண்மையில் பையனுடையது அன்று; பொறியியல் படிக்கும் அவன் தமக்கையுடையது. அவளும் மூன்று தோழிகளுமாகப் பரீட்சைக்கு முன் ஒரு சிறிய விளையாட்டுச் செய்திருந்தார்கள்: வறண்ட வைகை மணலில், புட்டுத்தோப்புப் பக்கமிருந்து, ஒருத்தி இரவில் தனியாக வீட்டுக்கு நடக்கிறாள், பின்னால் கொலுசுச் சத்தம் வருகிறது. விடுமுறையின் கடைசி நாளில் அதை ஏற்றி வைக்க உட்கார்ந்தாள். படிவத்தின் அடியில் அந்தக் கட்டம் வந்ததும் சுட்டியை அதன் மேல் வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

“மாமா, இதுல தப்பா ஒண்ணும் இல்லயே. குறி போட்டா தேடுனாக்கூட யாருக்கும் கிடைக்காதே?”

“கட்டம் வேணாம்மா. ஆனா என்ன இருக்குன்னு எழுதிரு.”

விவரம் எழுதும் இடத்துக்கு மேலேறி, இதில் பேய் வரும், திடீரென்று சத்தம் கேட்கும் என்று தமிழிலேயே தட்டினாள். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி பொறுக்கவில்லை.

“அக்கா, கெணத்துப்பக்கம் ரத்தம் வருதுல்ல, அதயும் போடு.”

அவள் அதையும் சேர்த்தாள்.