மலையிலிருந்து இறங்கும் தேயிலை வழியில் தேங்கலாமா?

"சரக்கை அனுப்பி ஒரு வாரம் ஆகிவிட்டது. இன்னும் விற்பனைக்கு வரவில்லையே!" இணையச் சந்தையில் கடை திறந்திருக்கும் சிறு வியாபாரிகள் பலரிடம் கேட்கக்கூடிய புலம்பல் இது. கேமரன் மலையில் தேயிலை வாங்கி விற்பவருக்கு இந்தக் கவலை சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அவருடைய சரக்கு முதலில் மலையை விட்டு இறங்க வேண்டும். பிறகு சமவெளியில் உள்ள கிடங்கில் எண்ணி ஏற்கப்பட வேண்டும். அதன் பிறகுதான் அது விற்கும் சரக்கு. அதுவரை அது முடங்கிக் கிடக்கும் பணம்.

கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933ஆம் ஆண்டு பாரத் தோட்டம் தொடங்கியது. காட்டைத் திருத்திச் செடி நட்டு, குளிரிலும் மழையிலும் கொழுந்து பறித்து இத்தொழிலை வளர்த்தவர்களில் தமிழர்களின் பங்கு பெரிது. அவர்களுடைய பிள்ளைகள் பலர் இன்று வேலை தேடி மலையை விட்டு இறங்கிவிட்டார்கள். பிறந்த இடத்திலேயே இருந்து பிழைக்க நினைப்பவர்களுக்கு இணைய வாணிபம் ஒரு வழியைத் திறந்துவிட்டிருக்கிறது. மலேசியாவில் 2012இல் லஸாடாவும் 2015இல் ஷாப்பியும் வந்த பிறகு, தானா ராத்தாவில் இருப்பவர் ஜொகூரில் இருப்பவருக்குத் தேயிலை விற்பது எளிதாகிவிட்டது. ஆனால் விற்பது எளிதான அளவுக்குச் சரக்கை நிர்வகிப்பது எளிதாகிவிடவில்லை.

கிடங்கு முறை என்றால் என்ன?

இணையத்தில் விற்பவர் ஒவ்வொரு பொட்டலத்தையும் தாமே கட்டி அனுப்பலாம். அல்லது மொத்தச் சரக்கையும் சந்தை நிறுவனத்தின் கிடங்குக்கு முன்கூட்டியே அனுப்பிவிடலாம். அங்கிருந்து வாடிக்கையாளருக்கு அனுப்பும் பொறுப்பை நிறுவனமே ஏற்றுக்கொள்ளும். அமெரிக்காவில் அமேசான் நிறுவனம் 2006இல் தொடங்கிய இந்த முறையை இன்று பல இணையச் சந்தைகள் பின்பற்றுகின்றன.

இதில் ஓர் ஒழுங்கு உண்டு. எந்தப் பொருள், எத்தனை என்று முதலில் இணையத்தில் பதிய வேண்டும். கிடங்கு குறிக்கும் நாளில் சரக்கு போய்ச் சேர வேண்டும். அங்கே பெட்டியைப் பிரித்து, பட்டைக்குறியீட்டைப் படித்து, எண்ணிப் பார்த்து, சேதம் இல்லாதவற்றை மட்டுமே கணக்கில் ஏற்றுவார்கள். பதிவில் 200 என்று இருந்து பெட்டியில் 190 இருந்தால், கணக்கில் ஏறுவது 190தான். பொட்டலத்தில் தவறான ஒட்டுத்தாள் இருந்தால் மொத்தப் பெட்டியும் ஓரமாக வைக்கப்படலாம்.

எப்போது அனுப்ப வேண்டும்?

பலரும் செய்யும் தவறு, இருப்பு தீரும்போது அடுத்த சரக்கைப் பற்றி நினைப்பது. ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒருவர் நாளொன்றுக்கு 12 பொட்டலம் விற்கிறார். சரக்கை வாங்கி ஒட்டுத்தாள் ஒட்ட 2 நாள், பயணத்துக்கு 2 நாள், கிடங்கில் எண்ணி ஏற்க 5 நாள் என்றால், மொத்தம் 9 நாள். இந்த 9 நாளில் 108 பொட்டலம் விற்றுவிடும். எதிர்பாராத தாமதத்துக்கு 5 நாள் கையிருப்பு என்று 60 சேர்த்தால் 168. ஆக, கிடங்கில் இருப்பு 168க்கு இறங்கும் அன்றே அடுத்த சரக்கு வேலையைத் தொடங்கிவிட வேண்டும். 36 பொட்டலம் இருக்கும்போது தொடங்கினால் அது மூன்றே நாளில் தீர்ந்து, ஆறு நாள் கடை வெறுமையாக நிற்கும். அதற்குள் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார்.

அப்படியானால் ஒரேயடியாக ஆயிரம் பொட்டலம் அனுப்பிவிடலாமே என்று தோன்றலாம். அதுவும் ஆபத்துதான். நீண்ட நாள் விற்காமல் கிடக்கும் சரக்குக்குக் கிடங்குக் கட்டணம் ஏறும். காலாவதி நாளும் நெருங்கும்.

மழையை மறக்கலாமா?

கேமரன் மலையில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை அதிகம். 2014 நவம்பரில் ரிங்லெட், பெர்த்தாம் பள்ளத்தாக்குப் பகுதிகளில் ஏற்பட்ட நிலச்சரிவும் சேற்று வெள்ளமும் உயிர்களையே பறித்தன. தீபாவளி வியாபாரமும், இணையச் சந்தைகளின் நவம்பர் 11, டிசம்பர் 12 மலிவு விற்பனைகளும் வருவது இந்த மழைக்காலத்தை ஒட்டித்தான். தாப்பா சாலை அடைபட்டால் சிம்பாங் பூலாய் சாலை உண்டு. ஆனால் அதுவும் மலைச்சாலைதான். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் சுற்றுலா வாகன நெரிசல் வேறு. எனவே ஆண்டிறுதி விற்பனைக்கான சரக்கு செப்டம்பர் மாதத்திலேயே மலையை விட்டு இறங்கிவிடுவது நல்லது.

பெட்டி கட்டும்போது கவனம்

தேயிலை ஈரத்தையும் வாசனையையும் எளிதில் இழுத்துக்கொள்ளும். பனி இறங்கும் இரவில் அட்டைப் பெட்டியைச் சிமெண்டுத் தரையில் வைக்கக் கூடாது. கீழே மரப்பலகை இருக்க வேண்டும். பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை விரிப்பது நல்லது. சவர்க்காரம், மசாலைத் தூள் போன்றவற்றோடு சேர்த்துக் கட்டவே கூடாது.

ஒரு பெட்டியில் ஒரே வகை, ஒரே காலாவதி நாள் என்று வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். முதலில் காலாவதியாகும் சரக்கு முதலில் போக வேண்டும். தோட்ட நிறுவனத்தின் பொட்டலத்தைப் பிரித்து வேறு உறையில் போட்டு, அதே பெயரில் விற்கக் கூடாது. வாங்கியதற்கான ரசீதையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

தேநீர்ப் பைகள் கனமில்லாதவை, ஆனால் இடத்தை அடைப்பவை. பல கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து எடை போடுகின்றன. 50, 40, 30 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டி தராசில் 7 கிலோதான் இருந்தாலும், 12 கிலோவுக்குக் கட்டணம் கேட்கப்படும். பெட்டியில் காற்றை அடைத்து அனுப்பினால் அந்தக் காற்றுக்கும் காசு கட்ட வேண்டியிருக்கும்.

காணாமல் போனால்?

ஒரு பொட்டலத்தின் அடக்க விலை 10 ரிங்கிட், லாபம் 2 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 40 பொட்டலம் உள்ள ஒரு பெட்டி காணாமல் போனால் நட்டம் 400 ரிங்கிட். அதை ஈடுகட்ட இன்னும் 200 பொட்டலம் விற்றாக வேண்டும். பல நாள் உழைப்பு ஒரு பெட்டியோடு போய்விடும்.

இதைத் தடுக்க ஒரு நோட்டுப் புத்தகமும் கைத்தொலைபேசியும் போதும். பெட்டியை மூடுமுன் உள்ளே இருப்பதைப் படம் எடுக்க வேண்டும். மூடிய பின் தராசில் வைத்து, எடையைப் படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் இட்டு, லோரிக்காரரிடமும் கிடங்கிலும் பெட்டிகளின் எண்ணிக்கைக்குக் கையெழுத்து வாங்க வேண்டும். கிடங்கு தன் கணக்கை வெளியிட்ட அன்றே நோட்டுக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். முறையீட்டுக்கு ஒவ்வொரு சந்தையும் ஒரு காலக்கெடு வைத்திருக்கிறது. அது கடந்துவிட்டால் நியாயம் நம் பக்கம் இருந்தும் பயன் இல்லை.

தோட்டத்தில் கொழுந்து நிறுத்த காலத்தில், தன் கூடையின் எடை சரியாக எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் தொழிலாளி நகர்வார். ஏனென்றால் அந்த எண்தான் அவர் கூலி. அவருடைய பேரப்பிள்ளைகள் இன்று கணினி வழி வியாபாரம் செய்தாலும் பாடம் அதேதான். அனுப்பியதோடு வேலை முடியவில்லை. எதிர்முனையில் எண்ணி எழுதிய கணக்கைச் சரிபார்த்த பிறகே அந்தச் சரக்கு வியாபாரமாகிறது.