கொல்லைப்புறக் கோழிகள் – 9: மார்கழிக் கூடு

அடைவைத்த 21-ஆம் நாள் குஞ்சு பொரிப்பதுவரை போன வாரம் பார்த்தோம். கம்பம் பள்ளத்தாக்கில் அந்தக் குஞ்சை மார்கழி தாண்ட வைப்பதுதான் பெரும்பாடு. மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய மண் காய்வதற்குள் பனி இறங்கிவிடும்.

வளர்ந்த கோழிக்கு இந்தக் குளிர் பெரிதல்ல. அதன் உடம்புச் சூடே ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். இறகைச் சிலிர்த்துக்கொண்டால் போதும், பனி உறையும் நாடுகளிலேயே தாக்குப்பிடிக்கிறது. அதைச் சாய்ப்பது ஈரம்.

நஷ்டப்பட்டுத்தான் இதைக் கற்றேன். சின்னமனூர்ப் பக்கம் எங்கள் கொல்லையில் பன்னிரண்டு கோழிகள். குளிருமே என்று ஒரு மார்கழியில் உரச்சாக்கும் பிளாஸ்டிக் படுதாவுமாகக் கூட்டை இண்டு இடுக்கில்லாமல் மூடினேன். பத்து நாளில் மூக்கில் சளி, கண்ணில் வீக்கம், கொரகொரவென்று மூச்சு. நான்கு செத்தன. அப்பத்தா கூட்டுக்குள் தலையை விட்டவர் சட்டென்று வெளியே இழுத்துக்கொண்டார். “ஏய்யா, எனக்கே கண்ணு எரியுதே, அதுகளுக்கு எரியாதா?”

எரிந்தது அம்மோனியா. கோழி விடும் மூச்சின் ஈரம் படுதாவில் முத்துமுத்தாகப் படிந்து உமியில் சொட்டும். நனைந்த எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்பி மூச்சுக்குழலைப் புண்ணாக்கும். நோய்க்கு அது திறந்த வாசல்.

அன்றே கூட்டைப் பிரித்தோம். கல் அடுக்கித் தரையை ஒரு முழம் உயர்த்தினோம். வாடை அடிக்கும் வடகிழக்குப் பக்கம், கோழி உட்காரும் உயரம்வரை மட்டும் சாக்கு. கூரைக்கு அடியில் சுற்றிலும் ஒரு சாண் திறப்பு. மரநாய் நுழையாதபடி அதில் கம்பிவலை. தரையில் நான்கு விரல் கனத்துக்கு உமி. 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளையும் பள்ளத்தாக்கில் உமிக்கா பஞ்சம்? தினமும் கிளறி, கட்டிபட்டதை அள்ளிவிட வேண்டும்.

குஞ்சின் கதை வேறு. முதல் வாரம் அதற்கு 35 டிகிரி சூடு வேண்டும். பிறகு வாரம் மூன்று டிகிரி குறைக்கலாம். தாய் இருந்தால் அதன் இறக்கையே போதும். இருட்டுமுன் இரண்டையும் உமிமேல் பஞ்சாரத்தில் கவிழ்த்து, பாதிக்குச் சாக்குப் போடுங்கள். தாயில்லாக் குஞ்சுக்குக் குண்டு பல்பு கட்டுங்கள், எல்.இ.டி.யில் வெளிச்சம் வரும், போதிய சூடு வராது. பல்படியில் குவிந்து கிடந்தால் குளிர்கிறது. ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம். குஞ்சைவிடத் துல்லியமான வெப்பமானி இல்லை.

வெள்ளைக் கழிச்சலை மட்டும் எந்தக் கூடும் தடுக்காது. அதற்குத் தடுப்பூசிதான். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு, காலத்தில் போட்டுவிடுங்கள்.

இன்றிரவு கோழி அடைந்தபின் கூட்டருகே குனிந்து ஒருமுறை மோந்து பாருங்கள். கண் எரிந்தால், மேலே கட்டிய சாக்கை அப்போதே அவிழ்த்துவிடுங்கள்.