ஏடேறாப் பாட்டும் ஒலிப்பேட்டியும்

பாட்டை இயற்றியவர் ஒருவர். அதனைப் பாடிப் புகழ் பெற்றவர் மற்றொருவர். தனிப்பாடல்களைப் பயின்றோர்க்கு இத்தகைய வழக்குப் புதிதன்று. யான் ஈண்டுக் கூறப் புகுவது 1979ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் நிகழ்ந்தது.

ஹிப்-ஹொப் எனப்படும் கலையை உலகறியச் செய்த இசைத்தட்டு 'ராப்பேர்ஸ் டிலைற்' என்பது. பாடியவர் மூவர். அவருள் பிக் பாங்க் ஹாங்க் என்பார் நியூஜேர்சியில் ஒரு பீற்சாக் கடையில் வேலை பார்த்தவர். அவர் பாடிய அடிகள் அவருடையன அல்ல. கிராண்ட்மாஸ்ரர் காஸ் என்னும் நண்பரின் குறிப்பேட்டிலிருந்து பெற்றவை. காஸுக்குக் கைம்மாறுமில்லை, தட்டிற் பெயருமில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. காஸ் அந்நாளிற் பூண்டிருந்த புனைபெயரை எழுத்தெழுத்தாக உரைக்கும் இடத்தை ஹாங்க் மாற்றாது அப்படியே பாடிவிட்டார்! நம் கீர்த்தனைகளில் வரும் முத்திரை போல, இயற்றியவன் பெயர் பாட்டினுள்ளேயே கிடந்து சாட்சி சொல்கின்றது. எனினும் முத்திரையை அறிந்தவனுக்கன்றோ அது முத்திரை! காஸ் பேட்டிக்குப் பேட்டி வாய்திறந்து கூறிய பின்னரே உண்மை பலர்க்கும் விளங்கிற்று.

இக்கலைக்கு வாய்மொழிச் சான்று இன்றியமையாததாகும் காரணம் அதன் பிறப்பிலேயே உள்ளது. 1973ஆம் ஆண்டு ஓகஸ்ற் 11ஆம் நாள், நியூயோர்க் நகரின் புரொங்ஸ் பகுதியில், செஜ்விக் வீதி 1520ஆம் இலக்கக் குடியிருப்பில் ஒரு விருந்து நடந்தது. பள்ளி திறக்குமுன் புத்தாடை வாங்கப் பணம் வேண்டிச் சின்டி காம்பல் என்னும் மாணவி அதனை ஏற்பாடு செய்தார். பெண்களுக்கு 25 சதம், ஆண்களுக்கு 50 சதம் கட்டணம். இசைத்தட்டுச் சுழற்றியவர் அவருடைய தமையனார் கிளைவ். யமேக்காத் தீவிற் பிறந்தவர். டீஜே கூல் ஹேர்க் என்று பெயர் பெற்றவர். பாடல் ஓய்ந்து முழவு மட்டும் ஒலிக்கும் சிறு பகுதிக்கே ஆடுவோர் காத்திருப்பதை அவர் கூர்ந்து நோக்கினார். ஒரே தட்டின் இரு படிகளை இரு பொறிகளில் வைத்து, ஒன்று முடிய மற்றொன்றாக அப்பகுதியை நீட்டினார். அம்முழவின்மேல் எதுகை இயைய உரைக்கும் சொற்கட்டே நாளடைவில் ராப் ஆயிற்று.

அன்று தொடங்கி 'ராப்பேர்ஸ் டிலைற்' வெளிவரும்வரை ஏறத்தாழ ஆறாண்டுகள். அக்காலத்துப் பாட்டுக்கள் விருந்துகளிற் பதிந்த சில கசற்றுக்களிலும், இருந்து கேட்டோர் நெஞ்சங்களிலுமே தங்கின. அன்று இளைஞராயிருந்தோர் இன்று முதியோர். சிலர் மறைந்தும் விட்டனர்.

இந்நிலையில் வந்துதவியதே பொட்காஸ்ட் எனப்படும் ஒலிப்பேட்டி. எம் மாணாக்கர் ஒருவர் என் கைத்தொலைபேசியில் இவற்றைக் கேட்க வகைசெய்து தந்தார். பாட்டுக்கள் என் செவிக்கு இன்னும் பழகவில்லை. பேட்டிகளோ என்னை விடவில்லை. வானொலிப் பேட்டி பெரும்பாலும் புதிய தட்டை விற்பதற்கென்று பத்து நிமிடத்தில் முடிவது. இதுவோ இரண்டு மணி, மூன்று மணி என நீள்வது. நேரம் நீள நீளப் பேசுவோர் ஒப்பனை கலைகின்றது.

இத்துறையிற் கொம்பற் ஜாக் என்பாரை முதல்வராகவே யான் மதிக்கின்றேன். இயற்பெயர் றெஜி ஒசே. புரூக்ளினில் வளர்ந்தவர், ஹெயிட்டி நாட்டிலிருந்து குடியேறிய குடும்பத்தினர். இசைத்துறை வழக்கறிஞராக இருந்து, 2010ஆம் ஆண்டளவில் இப்பேட்டிகளைத் தொடங்கினார். பாடகரின் ஒப்பந்தங்களை வரிவரியாகப் படித்த கை அவருடையது. ஆதலால், யார் பணம் பெற்றார், யார் ஏமாந்தார் என்பதை எங்கே தட்டினால் வெளிவரும் என்று அவர் அறிவார். குறுக்கு விசாரணை செய்வார்; ஆனால் நண்பர் வீட்டுத் திண்ணையில் இருப்பவர்போற் சிரித்துக்கொண்டு செய்வார். கிறிஸ் லைற்றி என்பவர் இளமையில் டீஜே ஒருவருக்கு இசைத்தட்டுப் பெட்டி சுமந்து, பின் பெரும் பாடகர்களின் முகாமையாளராகி, 2012இல் மாண்டவர். அவர் வாழ்வைப் பலர் வாய்மொழியாற் கோத்து 2017இல் 'மோகல்' என்னும் தொடரை ஒசே வழங்கினார். அவ்வாண்டு டிசெம்பர் 20ஆம் நாள் புற்றுநோய் அவரையும் கொண்டுபோயிற்று. வயது 53.

'டிறிங் சாம்ப்ஸ்' என்பது வேறு வகை. நோரே என்னும் ராப் பாடகரும் டீஜே ஈ.எவ்.என். என்பாரும் 2016இல் தொடங்கியது. விருந்தினரோடு மது அருந்தியவாறே பேசுவர். ஆசிரியத் தொழில் புரியும் எனக்கு இது உவப்பன்று. மதுவுண்டவன் வாய்மொழி எத்துணைப் பெறும் என்று கேட்கவும் இடமுண்டு. 2022 ஒக்ரோபரிற் கன்யே வெஸ்ற் ஆங்கே வந்து, ஜோர்ஜ் புளொயிட் இறந்த காரணத்தையே திரித்துரைத்தார். யூதரையும் இழித்துப் பேசினார். பேட்டி பின்னர் நீக்கப்பட்டது. நோரே மன்னிப்புக் கேட்டார். களவியலுரை பல தலைமுறை வாய்வழி வந்து ஏடேறியது என்பர். ஆங்கே கேட்டவன் மாணாக்கன், ஐயுற்றதை வினவினான். வினவாமல் தலையாட்டும் பேட்டியாளர் உரையாசிரியர் ஆகார். அவர் வெறும் ஒலிவாங்கியே.

ஆயினும் அந்நிகழ்ச்சியார் செய்யும் ஒன்று எனக்கு மிகப் பிடித்தது. மூத்த கலைஞருக்கு மலர் கொடுத்துச் சிறப்பிப்பர். கல்லறையில் வைக்கும் மலரை மூக்கிருக்கும்போதே கையிற் கொடுப்பது அவர்தம் கொள்கை. 2021 பெப்ரவரியில் டி.எம்.எக்ஸ். என்னும் பாடகர் அங்கு வந்தமர்ந்து, வெளிவரவிருந்த தம் இசைத்தொகுதியைப் பற்றி மகிழ்ந்து பேசினார். ஏப்ரில் 9ஆம் நாள் அவர் காலமானார், வயது 50. தொகுதி மே மாத இறுதியில் வெளிவந்தது. அதனை வாங்கியோர், அதைப் பற்றி அவர் தம் வாயாற் சொன்னதைக் கேட்க மீண்டும் அந்தப் பேட்டியைத் தேடிச் சென்றனர்.