சாலை யாருடையது?

சாலை என்பது ஊர்ப் பொதுச் சொத்து. குளம், சாவடி, கோயில் மண்டபம் ஆகியவற்றைப் போல அதுவும் எல்லோர்க்கும் உரியது. குளத்து நீரைச் சிலர் மட்டும் இறைத்துக்கொண்டு போவாரானால் ஊரார் வாளா இருப்பதில்லை. ஆனால் சாலையின் பெரும்பகுதியைச் சிலர் மட்டும் அடைத்துக்கொண்டு செல்லும்போது எவரும் கேள்வி கேட்பதில்லை. அதற்குப் 'போக்குவரத்து நெரிசல்' என்று ஒரு பெயரிட்டு, வெயிலையும் மழையையும் போல இயற்கையின் செயலாகக் கருதிப் பொறுத்துக்கொள்கிறோம். உண்மையில் அது இயற்கையின் செயல் அன்று. மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு. மனிதர் செய்துகொண்டதை மனிதரே மாற்றியமைக்கவும் கூடும். அவ்வாறு மாற்றியமைத்த ஒரு நாட்டின் கதையையும், அதனால் நமக்கு விளங்கும் செய்தியையும் மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவனாதலின், எதனையும் கணக்கிட்டுப் பார்க்கும் பழக்கம் என்னை விட்டு இன்னும் நீங்கவில்லை. ஓர் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அறுபது பேர் செல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் அனைவரும் ஒரே பஸ்ஸில் ஏறிவிட்டால், சாலையில் அவர்கள் அடைக்கும் நீளம் ஏறக்குறைய 12 மீட்டர். அந்த அறுபது பேரும் காரில் செல்வதாயின், காருக்கு இருவர் வீதம் கொண்டாலும் முப்பது கார்கள் வேண்டும். ஒரு காரின் நீளம் 4 மீட்டர்; ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவே 2 மீட்டர் இடைவெளி. ஆக, முப்பது கார்களும் வரிசையாக நிற்பதற்கு ஏறக்குறைய 180 மீட்டர் சாலை வேண்டும். இது நிற்கும் நிலையில் உள்ள கணக்கு. ஓடும்போது இடைவெளி பல மடங்காகப் பெருகும். இனி, வந்து சேர்ந்த வண்டியை நிறுத்த வேண்டும் அல்லவா? ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டுச் சைக்கிள்களையாவது தாராளமாக நிறுத்தலாம்.

எடையை நோக்கினும் இதே நிலைதான். அறுபது கிலோ எடையுள்ள ஒரு மனிதரைக் கொண்டு செல்வதற்காக ஆயிரம் கிலோ இரும்பும் கண்ணாடியும் உடன் நகர்கின்றன. சைக்கிளின் எடையோ இருபது கிலோ அளவே. இந்த எடையோடு வேகமும் சேரும்போது ஆபத்து பிறக்கிறது. இயங்கும் பொருளின் ஆற்றல் அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று இயற்பியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 60 கிலோமீட்டர் வேகம் கொண்டால், அதன் ஆற்றல் இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. தெருவைக் கடக்கும் குழந்தையின் மீது மோதுவது அந்த ஆற்றலேயாகும். பாடப் புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கும் சூத்திரம், தெருவில் உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடாக அமைந்துவிடுகிறது.

"நெரிசல் மிகுந்தால் சாலையை அகலப்படுத்திவிட்டால் போகிறது" என்று சிலர் கூறுவர். அகலமான சாலை, முன்பு பஸ்ஸில் சென்றவரையும் நடந்து சென்றவரையும் கார் வாங்கும்படி அழைக்கிறது. சில ஆண்டுகளில் அந்த அகலமும் நிரம்பிவிடுகிறது. மீண்டும் அகலப்படுத்தினால் மீண்டும் நிரம்புகிறது. இடையில் சாலையோரத்து மரங்கள் போய்விடுகின்றன, நடைபாதை போய்விடுகிறது, அவற்றை நம்பியிருந்தவர்களும் வண்டி வாங்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறார்கள். உடல் பருத்துவிட்டது என்று இடுப்புக் கச்சையைத் தளர்த்திக்கொண்டே போவதால் உடல் இளைப்பதில்லை.

இனி ஒல்லாந்து நாட்டிற்குச் செல்வோம். ஒல்லாந்தர் நமக்கு அயலார் அல்லர். 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினம் அவர்கள் கையில் இருந்ததைச் சரித்திரத்தில் படித்திருப்பீர்கள். இன்று அந்த நாட்டை நெதர்லாந்து என்று வழங்குகிறோம். ஏறத்தாழ ஒரு கோடியே எண்பது இலட்சம் மக்கள் வாழும் அந்நாட்டில், சைக்கிள்களின் தொகை மக்கள்தொகையை விஞ்சி நிற்கிறது. அங்கே மக்கள் மேற்கொள்ளும் பயணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் சைக்கிளில் நிகழ்கின்றன. மருத்துவரும் மாணவரும், அமைச்சரும் அலுவலரும் ஒரே பாதையில் சைக்கிள் மிதித்துச் செல்கின்றனர். இதைக் கேட்போர், "அது அவர்களுடைய பரம்பரைப் பழக்கம், நமக்கு எப்படி வாய்க்கும்?" என்று வினவுவர். அங்கேதான் கதை தொடங்குகிறது.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் அந்நாட்டில் சைக்கிள் மிகுதியாக இருந்தது உண்மையே. போருக்குப் பின் செல்வம் பெருகியது, கார்களும் பெருகின. சைக்கிளை ஏழைமையின் அடையாளமாகவும் காரை முன்னேற்றத்தின் அடையாளமாகவும் அவர்களும் கருதத் தலைப்பட்டனர். அகன்ற சாலைகளுக்காகப் பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் அழகே அதன் கால்வாய்கள்தாம். அக்கால்வாய்களில் சிலவற்றைத் தூர்த்துச் சாலைகளாக்கிவிடலாம் என்று 1954-ஆம் ஆண்டில் அந்நகரக் காவல்துறைத் தலைவரே யோசனை கூறினார் என்றால், கார் மோகம் எந்த அளவுக்குச் சென்றது என்பதை உய்த்துணரலாம்.

அந்த மோகத்திற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. 1971-ஆம் ஆண்டில் மட்டும் அச்சிறு நாட்டில் ஏறத்தாழ 3,300 பேர் சாலை விபத்துகளில் மாண்டனர். அவர்களுள் நானூற்றுக்கும் மேற்பட்டோர் சிறுவர் சிறுமியர். பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளை வீடு திரும்பவில்லை என்ற செய்தி ஏறக்குறைய நாள்தோறும் எங்கோ ஒரு வீட்டில் இடியாக விழுந்தது. பெற்றோர் பொறுக்கவில்லை. 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்னும் பெயரில் 1972-இல் ஓர் இயக்கம் தோன்றியது. தாய்மாரும் தந்தைமாரும் குழந்தைகளோடு தெருவில் அமர்ந்து போக்குவரத்தை மறித்தனர். அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி வந்தது. எண்ணெயைச் சேமிக்கும் பொருட்டு, 1973-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் முதல் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக்கூடாது என்று அரசாங்கம் ஆணையிட்டது. நெடுஞ்சாலைகளில் குழந்தைகள் விளையாடினர். தெரு எத்துணை அகலமானது, எத்துணை அமைதியானது என்பதை மக்கள் அன்றுதான் கண்ணால் கண்டனர்.

அதன் பிறகு நிகழ்ந்தது வெறும் உபதேசம் அன்று. "சைக்கிளில் செல்லுங்கள், உடலுக்கு நல்லது" என்று சுவரில் எழுதிவிட்டு அவர்கள் இருந்துவிடவில்லை. தெருவின் அமைப்பையே மாற்றினர். குரோனிங்கன் என்னும் நகரம் 1977-இல் செய்ததைப் பாருங்கள். நகரின் நடுப்பகுதியை நான்கு கூறுகளாக வகுத்தனர். ஒரு கூற்றிலிருந்து மற்றொரு கூற்றுக்குக் காரில் நேரே செல்ல இயலாது. வெளிப்புறச் சுற்றுச்சாலையை அடைந்து சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். நடப்போரும் சைக்கிளில் செல்வோரும் பஸ்ஸில் செல்வோரும் மட்டும் நேர்வழியே செல்லலாம். காருக்குத் தடை இல்லை. குறுக்குவழி மட்டுமே இல்லை. வியாபாரிகள் முதலில் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். ஆயினும் ஏற்பாடு நிலைத்தது. இப்போது அந்நகருக்குள் நிகழும் பயணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை சைக்கிளில் நடைபெறுகின்றன.

நாடெங்கும் இத்தகைய வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. பெருஞ்சாலைகளின் ஓரத்தில் சைக்கிளுக்குத் தனிப்பாதை அமைத்தனர். குடியிருப்புத் தெருக்களில் வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மிகாமல் கட்டுப்படுத்தினர். ரெயில் நிலையங்களில் சைக்கிள் நிறுத்துமிடங்களைப் பெருக்கினர். உட்ரெக்ட் நகர ரெயில் நிலையத்தில் 2019-இல் கட்டி முடிக்கப்பட்ட நிறுத்துமிடத்தில் 12,500 சைக்கிள்கள் நிற்கலாம். இது வெறும் அலங்காரம் அன்று. சைக்கிள் குறுந்தொலைவுக்கு ஏற்றது. ரெயில் நெடுந்தொலைவுக்கு ஏற்றது. இரண்டும் ஓரிடத்தில் கைகோத்துவிட்டால் காரின் தேவை பெரிதும் குறைகிறது. 2023-ஆம் ஆண்டில் அந்நாட்டில் சாலையில் மாண்டோர் 684 பேர். மக்கள் தொகையும் வண்டிகளும் பெருகிய பின்னரும், 1971-இல் இருந்த சாவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக அது குறைந்துவிட்டது. ஆகவே நாம் இன்று காணும் ஒல்லாந்தரின் சைக்கிள் வாழ்வு, தாயார் வயிற்றிலிருந்து கொண்டு வந்தது அன்று. இழந்து, அழுது, பிறகு மீட்டுக்கொண்டது.

"அது சமதரை நாடு, குளிர்ந்த நாடு, நம் வெயிலில் ஆகுமா?" என்னும் ஐயம் எழலாம். ஒல்லாந்து, ரைன் முதலிய ஆறுகள் கடலில் கலக்கும் கழிமுகப் பூமி. நம் தஞ்சையும் நாகையும் திருவாரூரும் காவிரியின் கழிமுகப் பூமியே. அங்கும் மேடு பள்ளம் இல்லை. வெயில் நமக்கு உண்டு. ஓயாத மழையும் எதிர்க்காற்றும் அவர்களுக்கு உண்டு. வெயிலுக்கு மருந்து சாலையோர மரமே. சாலையின் இருமருங்கும் மரம் நட்டதை அரசர்க்குரிய அறமாக நம் முன்னோர் போற்றியதும் நடந்து செல்வோரை நினைத்துத்தானே?

மேலும், நமக்கும் இவ்வழி புதியது அன்று. சென்னையில் 1895 முதல் 1953 வரை மின்சார டிராம் வண்டிகள் ஓடின. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்பித்தது. அப்போது மாவட்ட ஆட்சித்தலைவராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் அம்மையார். வயல் வேலை செய்வோர், கல் உடைப்போர், கிராமச் செவிலியர், ஆசிரியைகள் என ஒரு லட்சம் பெண்களுக்கு மேல் சைக்கிள் பழகினர். முதலில் ஏளனம் செய்தோரும் உண்டு. ஆனால் பஸ்ஸுக்காகவும் ஆண் துணைக்காகவும் காத்திருந்த பெண்கள், தாமே சந்தைக்குச் சென்று தாமே திரும்பினர். ஒரு நாளில் பல மணி நேரம் அவர்களுக்கு மிஞ்சியது. சைக்கிள் அவர்களுக்கு விளையாட்டுப் பொருள் அன்று, விடுதலைக் கருவி. 2001-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் பள்ளி மாணவியர்க்கு அரசாங்கம் சைக்கிள் வழங்கத் தொடங்கியதும், 2021-இல் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தை ஏற்படுத்தியதும் இதே நோக்கில் எழுந்தவை என்று கருதலாம்.

ஆனால் சைக்கிளைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது. அதை ஓட்டுவதற்குரிய சாலையையும் கொடுக்க வேண்டும். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியின் சைக்கிள் கொட்டகையில் ஒரு காலத்தில் இடம் கிடைப்பது அரிது. பள்ளிக்கு முன்னே செல்லும் சாலை அகலமாயிற்று. லாரிகளும் கார்களும் விரைந்தன. ஆண்டுக்கு ஆண்டு கொட்டகையில் வெற்றிடம் வளர்ந்தது. காரணம் கேட்டபோது பெற்றோர் அனைவரும் ஒரே விடையைத்தான் கூறினர்: "ரோட்டில் விட பயமாக இருக்கிறது, ஐயா." ஆகவே அவர்கள் பிள்ளைகளை மோட்டார் சைக்கிளிலும் காரிலும் கொண்டு வந்து விட்டனர். அதனால் பள்ளி வாயிலில் நெரிசல் மிகுந்தது. அந்த நெரிசலைக் கண்டு எஞ்சியிருந்த பெற்றோரும் அஞ்சினர். அச்சம் வண்டியைப் பெருக்குகிறது. வண்டி அச்சத்தைப் பெருக்குகிறது. இந்தச் சுழலில் எந்தத் தாயையும் தந்தையையும் குறை கூறுவதற்கில்லை. 2022-ஆம் ஆண்டில் இந்திய நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் தொகை 1,68,491 என்று மத்திய அரசாங்கத்தின் அறிக்கை கூறுகிறது. அச்சத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. தனி மனிதர் தம் வீட்டளவில் இச்சுழலை அறுக்க முடியாது. ஊர் கூடித்தான் அறுக்க வேண்டும்.

கார் பகைக்கத்தக்க பொருள் என்று நான் கூற வரவில்லை. நோயாளிக்கும் முதியோர்க்கும், நள்ளிரவில் பிரசவ வேதனைப்படும் பெண்ணுக்கும் அது தெய்வம்போல வந்து உதவும். அத்தகையோர் விரைந்து செல்வதற்கு வழி வேண்டும் என்பதற்காகவே, மற்றவர் சைக்கிளுக்கும் பஸ்ஸுக்கும் ரெயிலுக்கும் மாற வேண்டும் என்கிறேன். இரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடைக்குச் சென்று கறிவேப்பிலை வாங்கி வர ஆயிரம் கிலோ வண்டி வேண்டுவதில்லை. அதுபோலவே, பஸ்ஸில் செல்லுமாறு கூறும் நாடு, குறித்த நேரத்தில் வரும் பஸ்ஸையும், நிழலுள்ள நிறுத்தத்தையும், இரவில் பெண்கள் அச்சமின்றி நிற்பதற்கு விளக்கொளியையும் தருவதற்குக் கடமைப்பட்டுள்ளது.

மாணவ நண்பர்களே! உங்களிற் பலர் இன்று சைக்கிளிலும் பஸ்ஸிலும் வருகிறீர்கள். கையில் பணம் சேரும் வரையில் பொறுத்துக்கொள்ள வேண்டிய குறை என்று அதை எண்ணாதீர்கள். உங்களில் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள். சிலர் நகர மன்றத்தில் அமர்வீர்கள். சிலர் மாவட்டத்தை ஆள்வீர்கள். அப்போது சாலைப் படம் ஒன்று உங்கள் மேசைக்கு வரும். 'இவ்வழியே எத்தனை வண்டிகள் செல்லும்?' என்று கேட்பதற்கு முன், 'எத்தனை மனிதர் செல்வர்? பத்து வயதுப் பிள்ளை தனியே செல்ல முடியுமா?' என்று கேளுங்கள்.

அதற்குப் பயிற்சியாக ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். வரும் திங்கட்கிழமை காலையில் ஒரு மணி நேரம், உங்கள் ஊர்க் கடைத்தெருவின் பாதுகாப்பான ஓர் ஓரத்தில் நோட்டுப் புத்தகத்துடன் நில்லுங்கள். கார், பஸ், மோட்டார் சைக்கிள், சைக்கிள், நடப்போர் என ஐந்து கட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றிலும் வண்டிகளை ஒரு வரியிலும் மனிதர்களை மற்றொரு வரியிலும் குறியுங்கள். பிறகு, சாலையின் அகலத்தில் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு கிடைத்திருக்கிறது என்று அடியால் அளந்து எழுதுங்கள். அந்தக் கணக்கை உங்கள் ஆசிரியரிடமும், ஊராட்சி அல்லது நகராட்சி உறுப்பினரிடமும் காட்டுங்கள். சாலை யாருடையது என்பதற்கு விடை அந்தத் தாளிலேயே இருக்கும்.