தானே மாறும் கியரும் அதன் இறக்கமும்

மோட்டார் வண்டி ஓட்டுவோர் பயிலவேண்டியவற்றுள் கியர் மாற்றுதல் முதன்மையானது. மேட்டில் வண்டி திணறுமாயின், ஓட்டுபவர் கிளச்சை மிதித்து, நெம்புகோலைத் தள்ளிக் கீழ்க்கியருக்கு இறங்குகிறார். உடனே எஞ்சின் விரைந்து சுழன்று சக்கரங்களுக்கு மிகுந்த வலிமையைத் தருகின்றது. இவ்வேலையை மனிதன் கையினின்றும் வாங்கித் தானே செய்யுமாறு அமைந்ததே தானியங்கு கியர்ப் பெட்டி. பழைய வண்டிகளைப் பேணி ஓட்டும் அன்பர் பலர் அப்பெட்டியின்மீது கூறும் குறை ஒன்றுண்டு. மேற்கியருக்கு ஏறுவதில் அது காட்டும் விருப்பத்தைக் கீழ்க்கியருக்கு இறங்குவதில் காட்டுவதில்லை என்பதே அக்குறை. அஃது எதனால் விளைகின்றது, எவ்வாறு திருத்தத்தக்கது, திருத்துங்கால் எவற்றில் எச்சரிக்கை வேண்டும் என்பவற்றை இவ்வியாசத்தில் ஆராய்வோம்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1939-ஆம் ஆண்டில் ஹைட்ராமாட்டிக் என்னும் நான்கு கியர்ப் பெட்டியை வெளியிட்டனர். 1940-ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபில் வண்டிகளில் அது முதலிற் பொருத்தப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் எம்5 என்னும் இலகுவான டாங்கிகளிலும் அஃது உழைத்தது. ஆயினும், மலைப்பாதைகளில் அது நான்காம் கியரையே நாடி நின்றமையால், 1952-இல் மூன்றாம் கியரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தனி நிலையொன்றை அதற்குச் சேர்த்தனர். ஆகவே, கீழிறக்கத்தைப் பற்றிய குறையும் அதற்குரிய திருத்தமும் இப்பெட்டிகளோடு உடன்பிறந்தவை எனலாம்.

1964-இல் அதன் வழித்தோன்றலாக டர்போ ஹைட்ராமாட்டிக் 400 என்னும் மூன்று கியர்ப் பெட்டி காடிலாக், பியூக் வண்டிகளில் வந்தது. இஃது உறுதி மிக்கது. பின்னாளில் ரோல்ஸ் ராய்ஸ், ஜாகுவார் வண்டிகளும், 1976-இல் பெராரி 400 என்னும் இத்தாலிய வண்டியும் இதனையே ஏற்றன. பேணப்படும் பழைய வண்டிகள் பலவற்றில் இன்றும் காணப்படுவதாகலின், இதனையே நம் ஆராய்ச்சிக்கு உதாரணமாகக் கொள்வோம்.

கீழ்க்கியரால் வரும் பயனை முதலில் கணக்கிட்டுப் பார்ப்போம். இப்பெட்டியில் முதற் கியரின் விகிதம் 2.48; இரண்டாவது 1.48, மூன்றாவது 1.00. பின்னச்சின் விகிதம் 3.07 எனவும், சக்கரத்தின் குறுக்களவு 28 அங்குலம் எனவும் கொள்க. மணிக்கு 60 மைல் வேகத்தில் மூன்றாம் கியரில் எஞ்சின் நிமிடத்திற்குச் சுமார் 2,200 சுற்றுச் சுற்றும். இரண்டாம் கியருக்கு இறங்கினால் அது சுமார் 3,270 ஆகும். எஞ்சினின் முறுக்கு விசை மாறாதெனக் கொள்ளினும், சக்கரத்தைத் தள்ளும் விசை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகின்றது. எதிரே வண்டி வரும் இருவழிச் சாலையில் முன்செல்லும் லாரியைக் கடக்க முயல்பவருக்கு இவ்வொன்றரை மடங்கு உயிர்காக்கும் உதவியாம். அதே வேகத்தில் முதற் கியருக்கு இறங்கினாலோ, சுற்று 5,400-க்கு மேற்பட்டு எஞ்சினே சிதைதல் கூடும். ஆதலின், இறங்கவேண்டியபொழுது இறங்குதலும், இறங்கத்தகாதபொழுது மறுத்தலும் ஆகிய இரண்டும் இப்பெட்டியின் கடமைகளாகின்றன.

இவ்விரண்டையும் அது எவ்வாறு தீர்மானிக்கின்றது? பெட்டிக்குள் ஒரு பம்பு எண்ணெயை அமுக்கி அனுப்புகிறது. அவ்வெண்ணெயின் வழியில் சிறிய வால்வுகள் உள. அவற்றுள் கியர் மாற்றும் வால்வு ஒரு நியாயாதிபதியைப் போன்றது. அதன் இருபுறமும் இரண்டு சாட்சிகள் நின்று அதனைத் தத்தம் பக்கம் தள்ளுகின்றன.

ஒரு சாட்சி கவர்னர். இது வண்டியின் வேகத்தோடு சுழலும் எடைக்கட்டைகளை உடையது. வேகம் மிக, அக்கட்டைகள் வெளிநோக்கி விரிந்து எண்ணெயின் அமுக்கத்தைக் கூட்டுகின்றன. “வண்டி விரைந்து செல்கிறது, மேற்கியர் கொடு” என்பது அதன் வாக்குமூலம். மற்றைச் சாட்சி மாடுலேட்டர் என்னும் சிறு தகரச் சிமிழ். எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயினின்று ஒரு மெல்லிய குழல் இதற்கு வருகின்றது. எஞ்சின் சுமையின்றி மெல்ல ஓடும்போது அக்குழாயில் வெற்றிடம் மிகுதி. பாதரச அளவில் 17 முதல் 20 அங்குலம் வரை காணலாம். மிதியை முழுதும் அழுத்தினால் வெற்றிடம் ஏறக்குறைய இல்லாதொழியும். வெற்றிடம் குறையக் குறைய மாடுலேட்டர் எண்ணெயின் அமுக்கத்தைக் கூட்டி, “சுமை பெரிது, கீழ்க்கியர் வேண்டும்” என்று மொழிகின்றது. எவர் வலியரோ அவர் பக்கம் வால்வு நகரும்.

இவற்றோடு அவசர விண்ணப்பம் ஒன்றும் உண்டு. மிதியைத் தரைவரை அழுத்தினால், ஆங்குள்ள ஒரு சுவிட்சு மூடிப் பெட்டியினுள் இருக்கும் மின்காந்தச் சுருளுக்கு 12 வோல்ட் மின்சாரம் செல்லும். அச்சுருள் எண்ணெயின் வழியை மாற்றிக் கியர் வால்வை வலிந்து கீழே தள்ளும். மணிக்குச் சுமார் 70 மைலுக்கு உட்பட்ட வேகத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கும், சுமார் 20 மைலுக்கு உட்பட்டால் ஒன்றுக்கும் இறங்கும். வண்டிக்கு வண்டி இவ்வெல்லை சிறிது வேறுபடும். அவ்வெல்லைக்கு மேற்பட்டால் கவர்னரின் அமுக்கம் வென்று இறக்கத்தைத் தடுத்துவிடும்.

இறங்கும் முறையும் அழகியது. மூன்றாம் கியரில் ஓடும்போதே இரண்டாம் கியருக்குரிய கிளச்சும் பிடித்த நிலையிலேயே இருக்கின்றது. அதனோடு இணைந்த ஒருவழிப் பிடி மட்டும் வழுகி ஓடிக்கொண்டிருக்கும். இறங்க வேண்டுமாயின் மூன்றாம் கியரின் கிளச்சை விடுவித்தால் போதும். ஒருவழிப் பிடி தானே பற்றிக்கொள்ளும்.

நிற்க, நாற்பது ஐம்பது ஆண்டு கடந்த வண்டியொன்று கீழே இறங்க மறுக்குமாயின், உடையவர் பெரும்பாலும் பெட்டியின் அமைப்பையே குறைகூறி, மாற்றுறுப்புக்களைத் தேடுகின்றனர். நியாயாதிபதியை மாற்றுமுன் சாட்சிகளை விசாரித்தல் வேண்டும் என்பது நம் கருத்து. சுவிட்சின் கம்பி அறுந்திருந்தாலும் உருகுகம்பி போயிருந்தாலும் அவசர விண்ணப்பம் பெட்டியை எட்டாது. எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, மிதியை முழுதும் அழுத்தினால், பெட்டிக்குள் ‘டிக்’ என்ற மெல்லொலி கேட்கவேண்டும். கேளாவிடில் குற்றம் மின்வழியில் உள்ளது. தரை விரிப்புத் தடித்திருந்தாலும், மிதியின் இணைப்புத் தேய்ந்திருந்தாலும் சுவிட்சு மூடும் அளவுக்கு மிதி செல்லாது. மாடுலேட்டரின் குழல் வெடித்திருந்தால், அது எப்பொழுதும் பெருஞ்சுமை என்றே பொய் சொல்லும்; அதனால் மேற்கியர் தாமதித்து முரட்டுத்தனமாக ஏறும். உள்ளேயுள்ள சவ்வு கிழிந்திருந்தால் எஞ்சின் பெட்டியின் எண்ணெயை உறிஞ்சிக் குடித்துப் புகையாகக் கக்கும். குழலைக் கழற்றி, உள்ளே எண்ணெய் ஈரம் உண்டாவென்று பார்த்து இதனை அறியலாம். இச்சோதனைகளுக்குச் செலவு சிறிது. பலமுறை குறையும் இவற்றோடே நீங்கிவிடும்.

சாட்சிகள் மெய்யே பேசுகின்றன என்று தெளிந்த பின்னரும் இறக்கம் மனநிறைவு தராவிடில், அப்பொழுது மாற்றங்களை மேற்கொள்ளலாம். அவற்றையும் எளிதில் மீட்கக் கூடியவை முன்னும், மீட்க இயலாதவை பின்னுமாக வரிசைப்படுத்திக்கொள்ளுதல் அறிவுடைமை.

முதலாவது, சுவிட்சின் இடத்தை மாற்றுதல். மிதி தரையைத் தொடுமுன், ஏறக்குறைய முக்கால் அளவு அழுந்தியபோதே சுவிட்சு மூடுமாறு அதனை நகர்த்தி வைத்தால், இறக்கம் முன்னதாக வாய்க்கும். ஆனால் மிகவும் முன்னே நகர்த்தினால், சிறிது அழுத்தும்போதெல்லாம் கியர் இறங்கிப் பயணிகளை அலைக்கழிப்பதோடு, எண்ணெயும் வீணே சூடேறும். கைப்பொத்தான் வைத்து மின்சாரம் செலுத்துவோரும் உளர். பொத்தானை மறந்து விட்டுவிட்டால் மேற்கியர் ஏறுவதற்கு மிகுந்த வேகம் வேண்டியிருக்கும் என்பதை அவர்கள் நினைவில் வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, திருகாணி உள்ள மாடுலேட்டரைப் பொருத்துதல். குழல் செருகும் துவாரத்தினுள்ளே ஒரு சிறு திருகாணி இருக்கும். அதனை உள்நோக்கித் திருகினால் மாடுலேட்டரின் அமுக்கம் மிகும். மேற்கியர் சற்றுத் தாமதித்து ஏறும். மிதமாக அழுத்தும்போதே கீழிறக்கம் எளிதாகும். ஒரு தடவைக்கு ஒரு சுற்றுக்கு மேற்படாது திருகி, வண்டியை ஓட்டிப் பார்த்து, அதன்பின் அடுத்த சுற்றை எண்ணுதல் நன்று.

இங்கே இடவேறுபாட்டையும் நோக்க வேண்டும். கடல்மட்டத்தினின்று ஆயிரம் அடி ஏறுந்தோறும் எஞ்சின் காட்டும் வெற்றிடம் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். மலைமேல் வண்டி கனத்த சுமை இழுப்பதாக மாடுலேட்டர் மயங்குவது இதனாலேயே. இம்மயக்கத்தைத் தீர்க்கக் காற்றழுத்தத்தை உணரும் சிமிழ் அமைந்த மாடுலேட்டர்களும் செய்யப்பட்டன. சமவெளியில் திருகி ஒழுங்குபடுத்திய வண்டி மலையில் அவ்வொழுங்கைக் காட்டாதாயின், பெட்டியைக் குறைகூறுதல் தகாது.

மூன்றாவது, கவர்னரின் எடைக்கட்டைகளை மாற்றுதல். இலகுவான கட்டைகளை இட்டால், ஒரே வேகத்தில் முன்னினும் குறைந்த அமுக்கமே பிறக்கும், ஏற்றம் தாமதிக்கும், வலிந்த இறக்கம் முன்னினும் மிகுந்த வேகத்தில் கிடைக்கும். இதில் அபாயமும் உண்டு. எஞ்சினைக் காக்கும் காவலாளியையே நாம் தளர்த்துகின்றோம். நாம் மேலே காட்டிய கணக்கைத் தம் வண்டியின் அச்சுவிகிதத்திற்கும் சக்கர அளவிற்கும் ஏற்பப் போட்டு, எஞ்சின் தாங்கும் சுற்றைக் கடவாமை கண்டே இதனைச் செய்தல் வேண்டும்.

நான்காவது, எண்ணெய் வழிகளை மாற்றுதல். வால்வுத் தொகுதிக்கும் பெட்டிக்கும் இடையே துளைகளிட்ட ஒரு தகடு இருக்கின்றது. அத்துளைகளைப் பெரிதாக்கினால் கிளச்சுகள் விரைந்து பற்றும். கியர் மாற்றம் உறுதியாகும். ஆயின், தேவைக்கு மேல் அகன்ற துளையைச் சுருக்குதல் இயலாது; புதுத்தகடே வாங்கவேண்டும். மிகக் கடுமையான மாற்றம் அச்சுக்களையும் இணைப்புக்களையும் மோதி வருத்தும். ஆதலால் இதனை இறுதியாக, அனுபவமுள்ள மெக்கானிக்கைக் கொண்டே செய்வித்தல் நலம்.

1965 முதல் 1967 வரை வந்த பியூக், ஓல்ட்ஸ்மொபில், காடிலாக் வண்டிகளின் பெட்டிகளில் வேறொரு விசேஷமும் உண்டு. எஞ்சினுக்கும் கியருக்கும் இடையிலுள்ள எண்ணெய்ச் சுழலியில் ஸ்டேட்டர் என்னும் உறுப்பின் இதழ்கள் இரண்டு கோணங்களில் திரும்பவல்லன. ஒரு கோணத்தில் அவை நின்றால், கியர் மாறாமலே எஞ்சின் விரைந்து சுழன்று வலிமை கூடும். இதுவும் மின்காந்தச் சுருளாலேயே இயங்குவது. இவ்வகைப் பெட்டியின் மின்செருகியில் இரண்டு முனைகள் இருக்கும், மற்றவற்றில் ஒன்றே. பெட்டியை மாற்றிப் பொருத்தியவர்கள் இரண்டாம் கம்பியை இணையாது விட்டிருத்தலும் கூடும். அதனை இணைத்தாலே பாதிக் குறை தீரும்.

இதுகாறும் கூறியவை அனைத்தும் வலிமை வேண்டி இறங்கும் இறக்கத்தைப் பற்றியவை. வண்டியை அடக்குவதற்காக இறங்கும் இறக்கம் வேறு. இவ்வேறுபாட்டை அறியாதவர் எத்தனை திருத்தம் செய்யினும் மலைச்சரிவில் ஆபத்துக்கு உள்ளாவர். அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்தில் பைக்ஸ் பீக் என்னும் 14,115 அடி உயரமான சிகரத்திற்குச் செல்லும் சாலை 19 மைல் நீளமுடையது. அதில் இறங்கும் வண்டிகளை இடைவழியில் கிளென் கோவ் என்னுமிடத்தில் நிறுத்திப் பிரேக்குகளின் சூட்டை அளந்து பார்ப்பது வழக்கம். 1960-களின் அமெரிக்க வண்டிகளுள் பெரும்பாலானவை நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்கு உடையவை. இடைவிடாது மிதித்தால் அவை சூடேறிப் பிடிப்பிழந்து போகும்.

அத்தகைய சரிவில் எஞ்சினின் தடையே துணை. ஆனால் மிதியை அழுத்திப் பெறும் இரண்டாம் கியர் அதற்கு உதவாது. காலை எடுத்தவுடன் பெட்டி மீண்டும் மூன்றாம் கியருக்கு ஏறிவிடும். ஏறாதிருந்தாலும் ஒருவழிப் பிடி வழுகி, எஞ்சினின் தடையைச் சக்கரத்திற்கு ஊட்டாது. நெம்புகோலையே இரண்டாம் நிலைக்கு இழுத்தால்தான் ஓர் இரும்புப் பட்டை உருளையை இறுகப் பற்றி, எஞ்சின் வண்டியைத் தடுக்கச் செய்யும். சரிவு தொடங்குமுன், வேகம் குறைந்திருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும். பெட்டியைப் பிரித்துத் திருத்துவோர் நெம்புகோலின் இணைப்புச் சரியான நிலைகளில் நிற்கின்றதா என்பதையும், அப்பட்டை தேயாதிருக்கின்றதா என்பதையும் மறவாது காண்பாராக. மேட்டில் இறங்க மறுக்கும் வண்டியால் நேரமே கழியும். சரிவில் அடங்க மறுப்பதாலோ உயிரே கழியும்.

ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் எண்ணெயின் அளவையும் நிறத்தையும் மணத்தையும் நோக்குக. அது கறுத்துக் கருகிய நாற்றம் வீசினால் கிளச்சு தேய்ந்தது என்று அறிந்து, திருத்தத்தை நிறுத்திப் பழுதையே பார்க்கவேண்டும். வாகனம் அற்ற நேர்ச்சாலையில் முதலில் சோதித்து, எந்த வேகத்தில் எக்கியர் மாறிற்று என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருதல் பெரும்பயன் தரும். ஒரு சமயத்தில் ஒரு மாற்றமே செய்க. இரண்டை ஒருங்கே செய்தவர்க்கு எதனால் நன்மை, எதனால் தீமை என்பது விளங்காது.

தானியங்கு என்னும் பெயர் நம்மை ஏமாற்றலாகாது. முன்னால் வளைவு இருப்பதையோ, எதிரே வண்டி வருவதையோ, சாலை பள்ளத்தாக்கை நோக்கிச் சாய்வதையோ இப்பெட்டி காணாது. வேகத்தையும் சுமையையும் மட்டுமே அஃது அறியும். அவ்விரண்டு சாட்சிகளையும் மெய்யுரைக்கச் செய்தல் மெக்கானிக்கின் கடமை. சாலையைக் கண்டு, வேண்டிய கியரை வேண்டிய காலத்திற் கேட்டல் ஓட்டுபவர் கடமை. இவ்விரு கடமையும் வழுவாது நடக்குமாயின், அறுபதாண்டு கடந்த வண்டியும் தன் உடையவர்க்கு நம்பிக்கையான ஊழியனாய் நின்று உழைக்கும்.