புதுப்பிப்பு யாருக்கு? செலவு யாருக்கு?

2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-இன் ஆயுள் முடிந்தது என்று மைக்ரோசாப்ட் கம்பெனி தீர்ப்பு எழுதிவிட்டது. வாதியும் அவரே, வக்கீலும் அவரே, நீதிபதியும் அவரே! குற்றவாளிக் கூண்டிலே நின்றது யார்? மேனாம்பேட்டிலே வீட்டின் முன்பக்கத்தைப் பட்டறையாக்கி, லேத் இரண்டைப் போட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஜாப் ஒர்க் செய்து பிழைக்கிறாரே, அவர் மேசையிலே பில் அடித்துக் கொண்டிருக்கும் பழைய கம்ப்யூட்டர்!

அது செய்த குற்றம் என்ன? நேற்றும் ஓடிற்று, இன்றும் ஓடுகிறது. வரைபடத்தைத் திறக்கிறது, டாலியிலே கணக்கு எழுதுகிறது, ஜி.எஸ்.டி. தாக்கல் செய்கிறது. வயதாகிவிட்டது, அவ்வளவுதான். "விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள், இனாமாகவே தருகிறோம்" என்கிறார்கள். கேட்கக் காது குளிர்கிறது. ஆனால் வாசலிலே நிபந்தனை நிற்கிறது. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சிப் இருக்கவேண்டுமாம். இன்டெல் செயலி என்றால், சில விலக்குகள் தவிர, 2017-இல் வெளிவந்த எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்கவேண்டுமாம். இல்லையென்றால்? புது மெஷின் வாங்கு! அங்குசம் இனாம்; யானையை மட்டும் நீ காசு கொடுத்து வாங்கிக்கொள் என்கிற தர்மம் இது.

2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது, இதுதான் கடைசி விண்டோஸ் என்று அந்தக் கம்பெனி ஊழியர் ஒருவரே மேடையேறிச் சொன்னார். 2021 அக்டோபர் 5-இல் 11 வந்து சேர்ந்தது. இந்த மாற்றத்தால் உலகெங்கும் 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் கணக்கிட்டுச் சொன்னது. பழுதானவை அல்ல, தோழர்களே! பாடுபட்டுக் கொண்டிருப்பவை.

"ஓடுகிறவரை ஓட்டுவோம், கம்பெனிக்காரன் மிரட்டினால் மிரண்டுவிடுவோமா?" என்று நம்மிலே சிலர் மார்தட்டக்கூடும். வீரம் நல்லதுதான், ஆனால் இது வீரம் காட்டுகிற இடமல்ல. கம்ப்யூட்டரை இயக்கும் அந்த மென்பொருளிலே ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். மாதந்தோறும் கம்பெனி ஒட்டுப் போடுகிறது. 10-க்கும 11-க்கும் உள்ளே பெரும்பகுதி ஒன்றே. ஆகவே 11-க்கு ஒட்டு வெளியாகும்போது, 10-இலே எந்த இடத்தில் ஓட்டை என்பதையும் கள்ளன் அதைப் பார்த்தே ஊகித்துவிடுவான். ஒட்டுப் போடாத வீடு திறந்து கிடக்கும்.

வீண் பயம் காட்டுகிறோம் என்று எண்ணவேண்டாம். 2017 மே மாதம் 'வான்னக்ரை' என்ற நச்சு நிரல் உலகைச் சுற்றி வந்தது. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. அதைத் தடுக்கும் ஒட்டு மார்ச் மாதமே வந்துவிட்டது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பிரிட்டனிலே அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. நம் பக்கத்திலே ஆந்திரக் காவல் நிலையங்களின் கணினிகள் முடங்கின. ஒரகடத்து ரெனோ-நிசான் கார் ஆலையையும் அது விடவில்லை. கார் ஆலைக்குத் தனிப்படை உண்டு, சரிசெய்துகொள்ளும். மேனாம்பேட்டுப் பட்டறைக்காரருக்கு யார் இருக்கிறார்கள்?

சரி, ஒட்டு மட்டுமாவது தொடர்ந்து கிடைக்காதா? கிடைக்கும், காசுக்கு! தொழில் நிறுவனம் என்றால் கணினி ஒன்றுக்கு முதல் ஆண்டு 61 டாலர். இரண்டாம் ஆண்டு இரட்டிப்பு. மூன்றாம் ஆண்டு அதற்கும் இரட்டிப்பு. கூட்டினால் 427 டாலர், நம் பணத்தில் முப்பத்தையாயிரத்துக்குக் குறையாது. மீட்டர் வட்டிக்காரன் கணக்குகூட இவ்வளவு வேகமாக ஏறாது! வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை மட்டும் நீட்டிப்பு. அதற்கு 30 டாலர் கொடு. அல்லது அவர்கள் தரும் பரிசுப் புள்ளியில் 1,000 கொடு. அல்லது உன் கணினி அமைப்புகளை எங்கள் கிடங்கிலே நகல் வை என்றார்கள். ஐரோப்பாவிலே நுகர்வோர் அமைப்புகள் சண்டை போட்டன. அங்கே மட்டும் காசும் வேண்டாம், நகலும் வேண்டாம் என்று இறங்கி வந்தது கம்பெனி. கேட்டவனுக்கு ஒரு நியாயம், கேளாதவனுக்கு இன்னொரு நியாயம்.

இவ்வளவு கொடுத்து 11-க்குப் போனால் காண்பது என்ன? ஓரத்திலே இருந்த பட்டனை நடுவிலே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், பெரிய புரட்சிதான்! பாதுகாப்பு சற்றுக் கூடியிருக்கிறது, அதை மறுக்கவில்லை. கூடவே ஸ்டார்ட் பட்டியலிலே விளம்பரமும் வருகிறது. வீட்டுப் பதிப்பை நிறுவத் தொடங்கினாலே மைக்ரோசாப்ட் கணக்கைக் கேட்கிறது. திரையிலே நாம் பார்ப்பதைச் சில விநாடிக்கொருமுறை படம் பிடித்துவைக்கும் 'ரீகால்' என்ற வசதியை 2024 மே மாதம் அறிவித்தார்கள். உலகமே கூச்சலிட்டபின், விரும்பினால் மட்டும் போட்டுக்கொள் என்று பின்வாங்கினார்கள்.

கணக்கும் சாவியும் அவர்கள் கையிலே இருந்தால் என்ன நேரும் என்பதற்குக் குஜராத்தின் நயாரா எண்ணெய் நிறுவனத்தைப் பாருங்கள். அதிலே ரஷ்யாவின் ரோஸ்நெப்ட் நிறுவனத்துக்குப் பாதியளவு பங்கு. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் அதன்மேல் தடை விதித்தது. இந்தியச் சட்டமோ, ஐ.நா.வோ விதித்த தடை அல்ல. ஆயினும் மைக்ரோசாப்ட் சேவையை நிறுத்திற்று. ஊழியர்கள் தங்கள் அஞ்சலையே திறக்க முடியவில்லை. டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனபிறகே சேவை திரும்பிற்று. நம் மண்ணிலே ஓடும் சுத்திகரிப்பு ஆலைக்கே இந்தக் கதி!

மாற்று வழி இல்லாமல் இல்லை. லினக்ஸ் இருக்கிறது, விலை கிடையாது, முதலாளி கிடையாது, பழைய மெஷினிலும் ஓடும். கேரளத்தில் 2006-இல் அமைந்த இடதுசாரி அரசு, 2007-இலே கட்டற்ற மென்பொருளைக் கொள்கையாகவே அறிவித்தது. அங்கே பள்ளிப் பிள்ளைகள் அதிலேதான் கணினி பழகுகிறார்கள். நம்மூரிலும் அதே காலத்தில் எல்காட் தன் அலுவலகத்தை லினக்சுக்கு மாற்றிற்று. சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு 'பாஸ் லினக்ஸ்' என்று ஒன்றை உருவாக்கிற்று, தமிழிலேயே இயக்கலாம். 2011 செப்டம்பர் 15-இல் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரிலே தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசோடு அதையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். கொடுத்தார்களே தவிர, சொல்லிக் கொடுத்தார்களா? அந்த மடிக்கணினிகள் இப்போது பரண்மேல் தூங்குகின்றன. விண்டோஸ் 11 அவற்றை ஏறெடுத்தும் பார்க்காது. லினக்ஸ் போட்டால் ஒரு தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அது இன்றும் பாடப் புத்தகம்.

சிக்கலையும் மறைக்கக் கூடாது. டாலி விண்டோசுக்கென்றே செய்யப்பட்டது. பட்டறைகளிலே பழகிய வரைபட மென்பொருள் பலவும் அப்படியே. ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்று என்று நாம் சொல்லவில்லை. கணக்குக்கும் வரிக்கும் ஒரு கணினியை மட்டும் ஒட்டோடு வைத்துக்கொள்ளலாம். மெஷினுக்கு நிரல் அனுப்ப மட்டும் பயன்படும் பழைய கம்ப்யூட்டரிலிருந்து இன்டர்நெட்டைப் பிடுங்கிவிடலாம். கண்ட பென்டிரைவையும் அதிலே செருகக் கூடாது. மற்றவை லினக்சுக்குப் போகட்டும்.

அம்பத்தூர் எஸ்டேட்டிலே சிறு பட்டறைகளுக்கு இதைச் செய்து தர ஒரு சேவை மையம் திறக்கவேண்டியது அரசின் கடமை. எல்காட்டுக்கு அந்த அனுபவம் உண்டு. அதைச் சங்கங்களும் சிறுதொழில் அமைப்புகளும் சேர்ந்து கேட்கவேண்டும். ஐரோப்பாவிலே கேட்டார்கள், கிடைத்தது. அதுவரை காத்திராமல் இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்றுண்டு: கணக்கையும் வரைபடங்களையும் தனி டிஸ்கிலே நகல் எடுங்கள். எடுத்ததும் டிஸ்கைக் கழற்றிப் பீரோவில் வையுங்கள். செருகியபடியே விட்டால், வருகிற கள்ளன் அதையும் சேர்த்தே பூட்டுவான்.