மார்ஷல் நேசமணி

ஸ்ரீவராகத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்வோர், நெய்யாற்றின்கரையைத் தாண்டிக் களியக்காவிளையில் மாநில எல்லையைக் கடப்பர். 1956-க்கு முன் அங்கு எல்லை இல்லை. திருவனந்தபுரமும் நாகர்கோவிலும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. அவ்வெல்லை அமையப் போராடியவர்களுள் முதன்மையானவர் வழக்கறிஞர் அ. நேசமணி.

இவர் 1895 ஜூன் 12 அன்று விளவங்கோடு வட்டத்திலுள்ள பள்ளியாடியில் பிறந்தார். திருவனந்தபுரத்தில் சட்டம் பயின்று, நாகர்கோவில் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார். அக்காலத்தில் அங்கு உயர்சாதி வழக்கறிஞர்களுக்கு நாற்காலியும் மற்றவர்களுக்கு முக்காலியும் இடப்பட்டிருந்தன. நேசமணி முக்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு நாற்காலியில் அமர்ந்தார் என்று அப்பகுதி மக்கள் இன்றும் கூறுவர். கற்ற கல்வி ஒன்றாயிருக்க, இருக்கை மட்டும் வேறாயிருப்பதை அவர் ஏற்கவில்லை.

‘மார்ஷல்’ என்பது படைத்தலைவர்க்குரிய பட்டம். நேசமணி போர்வீரர் அல்லர். அறப்போரை முன்னின்று நடத்தியமையால் மக்கள் அவரை அவ்வாறு அழைத்தனர்.

தமிழர் மிகுந்து வாழ்ந்த தென்பகுதியைத் தமிழகத்துடன் இணைக்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. நேசமணி அதன் தலைவராக விளங்கினார். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிர் இழந்தனர்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலி மாவட்டத்துடன் சேர்ந்தது. ஆனால், தமிழர்கள் கோரிய தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை ஆகியவை கேரளத்திலேயே நின்றன. வெற்றி கிட்டியபோதும் அது முழுமையாகவில்லை.

நாகர்கோவில் மக்கள் நேசமணியை மும்முறை நாடாளுமன்றத்திற்கு அனுப்பினர். 1968 ஜூன் 1 அன்று அவர் மறைந்தார். அவர் வகித்த இடத்திற்கு 1969-இல் நடந்த இடைத்தேர்தலில் காமராசர் வெற்றி பெற்றார்.

அருஞ்சொற்பொருள்
வட்டம் – தாலுகா
முக்காலி – மூன்று கால்களையுடைய இருக்கை
அறப்போர் – நீதிக்காக நடத்தும் போராட்டம்

விடையளிக்க
1. நேசமணி முக்காலியில் அமர மறுத்தது ஏன்?
2. போர்வீரர் அல்லாத நேசமணியை மக்கள் ‘மார்ஷல்’ என அழைத்தது ஏன்?
3. 1956-இல் கிட்டிய வெற்றி முழுமையாகவில்லை என்று கூறக் காரணம் யாது?